கார்ட்லெஸ் ட்ரில் வாங்கும்முன் பேட்டரியை எடை போட்டுப் பாருங்கள்

நான் முதலில் வாங்கிய கார்ட்லெஸ் ட்ரில்லின் மேல் '48 வோல்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் கர்ட்டன் ராடு மாட்டத்தான் வாங்கினேன். ஒரு ஜன்னலுக்கு நான்கு ஓட்டை. மூன்றாவது ஓட்டையில் மெஷின் முனக ஆரம்பித்தது, நான்காவதில் நின்றே விட்டது. எட்டு மாதத்தில் பேட்டரி முழுதாகச் செத்தது. வாரண்டி கேட்கலாம் என்று தேடினால், ஆன்லைனில் விற்றவர் கடையையே காணோம்.

சரி, போனது போகட்டும் என்று பேட்டரியின் அடியில் இருந்த நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். (நீங்கள் இதைச் செய்ய வேண்டாம். லித்தியம் செல்லின் மேல் திருப்புளி தவறி விழுந்தால் நெருப்பு பிடிக்கலாம்.) உள்ளே ஐந்தே ஐந்து செல். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்தையும் வரிசையாகக் கோத்தால் 18. மீதி 30 வோல்ட் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் தெருவில் பிளைவுட் வேலை பார்க்கும் கார்பென்டர் அண்ணனிடம் இதைக் காட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரியக் கையில தூக்கிப் பாத்தியா? இவ்ளோ லேசா இருக்கே, அப்பவே தெரிஞ்சிருக்க வேணாமா?" என்றார். அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை, முதல் ட்ரில் வாங்கப் போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் சுவரைப் பாருங்கள்

பலர் மெஷினில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் சுவர். மரம், பிளைவுட், ஜிப்சம் போர்டு, மெல்லிய இரும்புத் தகடு, பூசின செங்கல் சுவர் ஆகிய ஐந்துக்கும் கார்ட்லெஸ் ட்ரில் நன்றாக ஒத்துவரும். கான்கிரீட்டுக்கு வராது என்று சொல்லமாட்டேன். ஆனால் சாதாரண 'ஹேமர்' வசதி (சுற்றும்போதே முன்னும் பின்னும் தட்டுவது) உள்ள ட்ரில்லை வைத்து கான்கிரீட்டில் ஓட்டை போடுவது, ஆப்பைக்காம்பால் தேங்காய் உடைக்கிற மாதிரி.

நான் தோற்றதற்குப் பாதிக் காரணம் இதுதான். கர்ட்டன் ராடு ஜன்னலுக்கு நேர் மேலே வரும். அங்கே இருப்பது லிண்டல், அதாவது கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். வீடு முழுக்கச் செங்கல்லாக இருந்தாலும் அந்த ஒரு பட்டை மட்டும் கான்கிரீட்தான். புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டாக வார்த்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் எந்தப் பக்கம் ஓட்டை போட்டாலும் லிண்டல் கதைதான்.

உங்கள் வீடு எது என்று கண்டுபிடிக்க, ஏற்கெனவே எலக்ட்ரீஷியன் போட்ட ஓட்டை ஒன்றைப் பாருங்கள். புதிதாகப் போடும்போது மேல்பூச்சைத் தாண்டியதும் என்ன தூள் விழுகிறது என்று கவனியுங்கள். செம்மண் நிறத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறத்தில் வந்து, பிட் (சுழன்று ஓட்டை போடும் கம்பி) உள்ளே போகவும் மறுத்தால் கான்கிரீட். சாம்பல் நிறம், ஆனால் பிட் சுலபமாக இறங்குகிறது என்றால் ஃப்ளை ஆஷ் கல்லாகவோ ஹாலோ பிளாக்காகவோ இருக்கும். வெளிறிய தூள் மாவு மாதிரி கொட்டினால் எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக், அதற்கு ஹேமரே வேண்டாம்.

உங்கள் தேவை பெரும்பாலும் கான்கிரீட் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, வயர் உள்ள ரோட்டரி ஹேமர் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எல்லா ஓட்டையையும் ஒரே மூச்சில் போட்டு முடியுங்கள். அதற்குள் காற்றழுத்தத்தால் அடிக்கும் சுத்தியல் இருக்கிறது. சைட்டில் இந்த வகையைப் பொதுவாக 'ஹில்டி' என்றே சொல்வார்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும்.

2. வோல்ட் கணக்கு

சந்தையில் நியாயமாக இருப்பது பெரும்பாலும் இரண்டு அளவுதான்: மூன்று செல் மெஷின், ஐந்து செல் மெஷின். மூன்று செல் என்றால் 10.8 வோல்ட். இதையே '12 வோல்ட்' என்று விற்கிறார்கள். முழுச் சார்ஜில் அந்த அளவு வரும் என்பதால் பெரிய பொய் இல்லை. ஐந்து செல் என்றால் 18 வோல்ட். அமெரிக்காவில் சில கம்பெனிகள் இதே பேட்டரியை '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்கின்றன, ஐரோப்பாவில் '18 வோல்ட்' என்று. முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு செல் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும், ஐந்து செல்லுக்கு 20 அல்லது 21. ஆகவே 18, 20, 21 என்று மூன்று பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மூன்றுக்குள்ளும் அதே ஐந்து செல்தான். 21 என்று போட்டிருப்பது 18-ஐ விடப் பெரிது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கைக்கு அடக்கமான, விலை மலிவான ட்ரில்லில் 36, 48, 88, 128 என்றெல்லாம் எழுதியிருந்தால் அது மாடல் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரைக் கேட்டால் அவரும் கடைசியில் அப்படித்தான் சொல்வார்.

12-ஆ 18-ஆ? வீட்டுக்கு மட்டும் என்றால் நான் 12 பக்கம். அலமாரிக் கீல் மாற்ற, கட்டில் சேர்க்க, செங்கல் சுவரில் 6 மி.மீ. ஓட்டை நாலைந்து போட, அது போதும். தலைக்கு மேல் கையைத் தூக்கி ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்க்ரூ அடிக்கும்போது எடை குறைவு எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். மொட்டைமாடியில் ஷீட் போடப் போகிறேன், மர வேலையைப் பொழுதுபோக்காக எடுக்கப் போகிறேன் என்பவர்கள் 18-க்குப் போகலாம்.

3. பேட்டரி எவ்வளவு நேரம் வரும்: வாட்-மணி

பெட்டியில் '2 ஆம்பியர்-மணி' என்றோ '1500 மில்லி ஆம்பியர்-மணி' என்றோ இருக்கும். அதை மட்டும் பார்த்து இரண்டு மெஷினை ஒப்பிட முடியாது. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். வருவது வாட்-மணி, பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு அதுதான்.

12 வோல்ட் என்று விற்கும் 2 ஆம்பியர்-மணி பேட்டரி: 10.8 பெருக்கல் 2, அதாவது 21.6 வாட்-மணி. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி: 36. அதே 18-இல் 4 ஆம்பியர்-மணி: 72. பெருக்கும்போது 10.8, 18 என்ற உண்மை எண்களையே போடுங்கள். 12, 20, 21 போட்டால் கணக்கு ஊதிவிடும். நல்ல பேட்டரிகளின் அடியில் வாட்-மணியை அவர்களே அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாத பேட்டரியை நான் கீழே வைத்துவிடுவேன்.

இந்தச் சரக்கு எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஓட்டை போடும்போது 18 வோல்ட் ட்ரில் 20 ஆம்பியர் வரை சாதாரணமாக இழுக்கும். 2 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த வேகத்தில் ஆறே நிமிடம்தான் வரும். "ஒரு சார்ஜுக்கு நாலு மணி நேரம் ஓடும்" என்று விளம்பரத்தில் பார்த்தால், சும்மா காற்றில் சுற்றவிட்டு அளந்திருப்பார்கள். நிஜத்தில் ஒரு ஸ்க்ரூ நான்கைந்து நொடி வேலை, அப்புறம் அடுத்த ஸ்க்ரூவைத் தேடுகிறோம், ஏணியை நகர்த்துகிறோம், நடுவில் டீ. அதனால்தான் சின்னப் பேட்டரியும் ஒரு மதியப் பொழுதைத் தாங்குகிறது.

பெரிய பேட்டரிக்கு இன்னொரு லாபமும் உண்டு. 4 ஆம்பியர்-மணி பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல், இரண்டு இரண்டாக ஜோடி சேர்த்து வைத்திருப்பார்கள். 20 ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லும் 10 மட்டும் கொடுத்தால் போதும். செல் குறைவாகச் சூடாகும், வோல்ட் அவ்வளவாக இறங்காது, மெஷின் முனகாது. ஒரே ட்ரில்லில் சின்னப் பேட்டரி போட்டும் பெரியது போட்டும் ஓட்டினால் வேறு வேறு மெஷின் மாதிரி இருக்கும்.

4. தராசு

கார்பென்டர் அண்ணன் கையில் தூக்கிப் பார்த்ததன் கணக்கு இதுதான். ட்ரில் பேட்டரிகளில் அதிகம் வருவது 18650 என்ற செல்: 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், எடை 45 முதல் 50 கிராம். இந்த அளவுச் செல்லில் சுமார் 3.5 ஆம்பியர்-மணிக்கு மேல் அடைக்க முடியாது. அதுவும் அதிக மின்சாரம் தள்ள வேண்டிய ட்ரில் வகைச் செல்லில் 2 முதல் 3 வரைதான். இதைவிடப் பெரிய 21700 செல் ஒன்று கிட்டத்தட்ட 70 கிராம்.

ஆகவே, 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் செல் மட்டுமே 230 கிராம் இருக்க வேண்டும். மேல்கூடு, சர்க்யூட் எல்லாம் சேர்த்து 350 கிராமுக்கு முன்பின் வரும். 4 ஆம்பியர்-மணி என்றால் 18650 பத்து போட்டிருந்தால் 600 கிராமை ஒட்டி வரும். 21700 ஐந்து போட்டிருந்தாலும் 500-க்கு ரொம்பக் கீழே போகாது. 4 ஆம்பியர்-மணி என்று எழுதிய 18 வோல்ட் பேட்டரி 330 கிராம் இருந்தால், உள்ளே அவ்வளவு சரக்கு இருக்க வழியே இல்லை.

சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கடையில் பேட்டரியைத் தராசில் வைத்தால் சிலர் முறைப்பார்கள். பாரிமுனையில் ஒரு கடைக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, "சார், தங்கமா வாங்குறீங்க?" என்றார். ஆனால் அவரே இன்னொரு பெட்டியைப் பிரித்துத் தராசில் வைத்துப் பார்த்தார். ஆன்லைனில் வாங்கினால் வந்த அன்றே நிறுத்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

எடையை ஏமாற்ற முடியுமா? உள்ளே இரும்புத்துண்டு வைக்கிறவர்களும் இருக்கலாம். அவர்களைப் பிடிக்க வழி இருக்கிறது. பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். ட்ரில்லைத் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு, பேட்டரி ஆறியதும் சார்ஜரை அந்த மீட்டர் வழியாகச் செருகுங்கள். முழுச் சார்ஜ் ஆகும்போது மீட்டரில் எத்தனை வாட்-மணி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். சார்ஜரில் கொஞ்சம் சூடாக வீணாகும் என்பதால், 36 வாட்-மணிப் பேட்டரி 40 முதல் 50 வரை இழுக்கும். 72 என்று சொன்ன பேட்டரி சுவரிலிருந்து 35 மட்டும் எடுத்துவிட்டு 'ஃபுல்' என்று பச்சை விளக்கு காட்டினால், வாதத்துக்கே இடமில்லை.

5. மோட்டாரில் கார்பன் இருக்கிறதா?

மெஷினின் பின்பக்கக் காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். விசையை அழுத்தும்போது நீலமாகப் பொறி தெரிந்தால் அது பிரஷ் மோட்டார். மெக்கானிக்குகள் 'கார்பன்' என்று சொல்லும் இரண்டு சின்னக் கட்டிகள் சுழலும் பகுதியில் உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும். உரசல் என்றால் தேய்மானம், சூடு, பேட்டரிக்கு நஷ்டம். பிரஷ்லெஸ் மோட்டாரில் உரசல் கிடையாது; மின்னணுச் சர்க்யூட் அந்த வேலையைச் செய்கிறது. அதே பேட்டரியில் கூடுதல் ஓட்டை போடலாம், மெஷினும் குட்டையாக இருக்கும்.

பிரஷ்லெஸ் விலை கூட. வருடத்துக்கு இருபது ஓட்டை போடுகிற வீட்டுக்கு அந்தக் கூடுதல் காசு திரும்பி வராது என்பது என் கருத்து. நல்ல கம்பெனியின் பிரஷ் மோட்டார் உங்கள் மகன் காலம் வரை ஓடும். கார்பன் தேய்ந்தாலும் பல மாடல்களில் மாற்றிக்கொள்ளலாம். ஊர் பேர் தெரியாத பிரஷ்லெஸ்ஸைவிடத் தெரிந்த பிரஷ் மெஷின் மேல். அந்த ஊர் பேர் தெரியாத மெஷினில் சர்க்யூட் போனால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

6. கடையில் கையில் எடுத்ததும்

நேரான 6 மி.மீ. பிட் ஒன்றைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதைச் சக்கில் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு, நுனிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள். நுனி ஒரே புள்ளியில் நின்றால் நல்லது. அது சின்ன வட்டம் போட்டால், பிட்டைக் கழற்றித் திருப்பி மாட்டி இன்னொரு முறை பாருங்கள். இரண்டாவது முறையும் வட்டம் போட்டால் சக்கோ, அதைத் தாங்கும் தண்டோ கோணல். இந்த ஒரு சோதனையில் மலிவு மெஷின்களில் பாதி கழிந்துவிடும். கோணல் சக் உள்ள மெஷினில் 6 மி.மீ. பிட் 7 மி.மீ. ஓட்டை போடும், ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் வைக்கும் ராவல் பிளக் ஆடும், ஸ்க்ரூ பிடிக்காது. ஆட்கள் சுவரைத் திட்டுவார்கள்.

அடுத்து விசை. நகத்தால் தொடுகிற மாதிரி அழுத்துங்கள். சக் நத்தை மாதிரி நகர ஆரம்பிக்க வேண்டும். டக்கென்று பாதி வேகத்தில் கிளம்பினால் டைல்ஸில் ஓட்டை தொடங்கும்போது பிட் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். விட்டதும் உடனே நிற்க வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே போனால் பிரேக் இல்லை.

சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் இருக்கும். அது கிளட்ச். 1-இல் வைத்து, கடைக்காரர் வைத்திருக்கும் கட்டையில் ஒரு ஸ்க்ரூ அடியுங்கள். தலை மரத்தைத் தொடுவதற்கு முன்பே கடகடவென்று சத்தம் போட்டு விட்டுக்கொடுக்க வேண்டும். 5, 10, 15 என்று ஏற்ற ஏற்ற ஸ்க்ரூ ஆழமாகப் போக வேண்டும். எல்லா எண்ணிலும் ஒரே மாதிரி போனால் அந்த வளையம் அலங்காரம்.

முறுக்குவிசை எண்ணைப் பற்றி ஒன்று. பெட்டியில் நியூட்டன்-மீட்டரில் இரண்டு எண் இருக்கும்: மென்மையான இணைப்புக்கு (மரத்தில் மாதிரி மெல்ல மெல்ல இறுகுவது) ஒன்று, கடின இணைப்புக்கு (இரும்பில் மாதிரி டக்கென்று இறுகுவது) ஒன்று. இரண்டாவது எப்போதும் பெரியது, விளம்பரத்தில் அதைத்தான் போடுவார்கள். ஒரு மெஷினின் கடின எண்ணை இன்னொன்றின் மென்மை எண்ணோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். மரத்தில் ஸ்க்ரூ அடிப்பவருக்கு உண்மையில் பயன்படுவது சின்ன எண்.

7. சார்ஜரும் பேட்டரிக் குடும்பமும்

சார்ஜரைக் கையில் எடுங்கள். பேட்டரி முழுதாக அதன் மேல் உட்காருகிறதா, அல்லது செல்போன் அடாப்டர் மாதிரி ஒரு ஊசிப் பின் மட்டும் பேட்டரியில் செருகுகிறதா? இரண்டாவது வகை எல்லாமே மோசம் இல்லை. ஆனால் பேட்டரியின் சூட்டை அளந்து நிறுத்தும் வசதி அவற்றில் பலவற்றில் இருக்காது. சார்ஜ் ஆகவும் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். உட்காரும் வகைச் சார்ஜர் 2 ஆம்பியர்-மணிப் பேட்டரியை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடும். பேட்டரி சூடாக இருந்தால் விளக்கைச் சிமிட்டிக் காத்திருக்கும். லித்தியம் செல்லுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 16046, பேட்டரியிலோ பெட்டியிலோ அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இன்னொரு விஷயம் பின்னால்தான் உறைக்கும். ஒரு கம்பெனியின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேராது. ஒரே கம்பெனிக்குள்ளேயே சேராமல் போவதும் உண்டு. பாஷ் நீல நிற 18 வோல்ட் மெஷினின் பேட்டரி அதே பாஷின் பச்சை நிற மெஷினில் ஏறாது. மக்கிட்டாவின் எல்.எக்ஸ்.டி. வகையும் ஜி வரிசையும் இரண்டுமே 18 வோல்ட்தான், மாற்றிப் போட முடியாது. நீங்கள் ட்ரில் வாங்கும்போது ஒரு குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்கிறீர்கள். நாளைக்கு கிரைண்டரோ ரம்பமோ வாங்கினால், மெஷின் மட்டும் தனியாக வாங்கி இதே பேட்டரியைப் போடலாமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். உதிரிப் பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்பதையும் ட்ரில் விலைக்கு முன்னால் கேளுங்கள். கடைக்காரர் "அது தனியா வராது சார்" என்றால், அந்த மெஷினின் ஆயுள் அந்தப் பேட்டரியின் ஆயுள்தான்.

வாரண்டிச் சீட்டில் மெஷினுக்கு ஒரு கெடு, பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த கெடு என்று இருக்கும். சிறிய எழுத்தில்தான் இருக்கும், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

8. வீட்டில் வைத்து இரண்டு மெஷினை மோதவிடும் முறை

நண்பரிடம் ஒரு மெஷின் இருக்கிறது, நீங்கள் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அல்லது இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று வையுங்கள். கார்பென்டர் கடையில் மிஞ்சின 19 மி.மீ. பிளைவுட் துண்டு கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். 20 மி.மீ. ஃப்ளாட் பிட் (மரத்தில் பெரிய ஓட்டை போடும் தட்டை முனை பிட்) புதிதாக ஒன்று வாங்குங்கள். மழுங்கின பிட்டை வைத்துச் சோதித்தால் பிட்டைத்தான் சோதித்ததாகும். இரண்டு மெஷினுக்கும் அதே பிட், அதே பலகை.

பேட்டரியை முழுச் சார்ஜ் செய்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பலகையை க்ளாம்ப் போட்டு இறுக்குங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். மெதுவாகச் சுற்றும் முதல் கியரில் வைத்து ஓட்டை போடுங்கள். ஒவ்வொரு பத்து ஓட்டைக்கும் இரண்டு நிமிடம் இடைவெளி விடுங்கள். பலகை ஓரத்தில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டே போங்கள், எண்ணிக்கை மறந்துபோகும். மெஷின் தானாக நின்றதும் நிறுத்துங்கள். நல்ல பேட்டரி டக்கென்று நிற்கும், உள்ளே இருக்கும் காப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். காப்பு இல்லாதது தேய்ந்து தேய்ந்து, செல் முழுக்க வற்றும் வரை இழுக்கும். இப்படி நாலு தடவை வற்றவிட்டால் அந்தப் பேட்டரி எழுந்திருக்காது. மெதுவாகச் சாகிறது என்று தெரிந்தாலே விசையை விட்டுவிடுங்கள்.

இப்போது ஓட்டை எண்ணிக்கையை வாட்-மணியால் வகுங்கள். உதாரணத்துக்கு, முதல் மெஷின் 36 வாட்-மணிப் பேட்டரியில் 54 ஓட்டை போட்டது. ஒரு வாட்-மணிக்கு ஒன்றரை. இரண்டாவது மெஷின் 72 வாட்-மணியில் 72 ஓட்டை போட்டது. ஒரு வாட்-மணிக்கு ஒன்று. மொத்தத்தைப் பார்த்தால் இரண்டாவது ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அது ஜெயித்தது பேட்டரி பெரிது என்பதால் மட்டும். மோட்டாரும் கியரும் மூன்றில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடித்திருக்கின்றன, அல்லது அந்த 72 என்ற எண்ணே பொய். எது என்று கண்டுபிடிக்கத் தராசும் வாட் மீட்டரும் இருக்கவே இருக்கின்றன. முதல் மெஷினுக்கு ஒரு உதிரிப் பேட்டரி வாங்கினால் மொத்தம் 108 ஓட்டை. விலையை இப்போது கூட்டிப் பாருங்கள்.

முடித்ததும் பேட்டரியையும் கியர் பெட்டியையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைக்க முடியவில்லை என்றால் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும் எனக்கு அந்த மெஷின் வேண்டாம்.

9. வெயில்

"பேட்டரிய முழுசாத் தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்று பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்ட்லெஸ் ட்ரில்லைக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. 1978-இல் வந்த மக்கிட்டாவின் 7.2 வோல்ட் ட்ரில்லிலும் அதுவே. பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் அந்த வகை சோம்பிப் போகும். 2003-இல் பாஷ் ஒரு சின்ன ஸ்க்ரூ ட்ரைவரில் லித்தியத்தைப் போட்டது. 2005-இல் பெரிய மெஷின்களிலும் லித்தியம் வந்துவிட்டது. லித்தியத்துக்கு அந்தப் பத்தியம் நேர் எதிர்: முழுக்கத் தீர்ப்பதுதான் கெடுதல். சத்தம் இறங்குகிறது என்றதும் சார்ஜில் போடுங்கள்.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வேலையைவிட வெயில். கத்திரி வெயிலில் கார் டிக்கியிலோ வண்டி சீட்டுக்கு அடியிலோ விட்டுவைக்காதீர்கள். மொட்டைமாடியில் வேலை பார்த்துவிட்டு இறங்கிய சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள், அரை மணி நேரம் நிழலில் கிடக்கட்டும். ஃப்ரிஜ்ஜில் வைத்து ஆற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், வேண்டாம். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, வீட்டுக்குள்ளேயே குளிர்ச்சியான அலமாரியில் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

செத்த பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, விற்ற கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு எடுப்பவரிடமோ கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது.

இதெல்லாம் முடிந்து மெஷின் உங்களுடையது என்று ஆனதும், ஒரு சின்ன வேலை பாக்கி. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் வாங்கிய தேதி, பேட்டரியின் எடை, பிளைவுட்டில் போட்ட ஓட்டை எண்ணிக்கை மூன்றையும் எழுதிப் பேட்டரியிலேயே ஒட்டிவிடுங்கள். என் இரண்டாவது ட்ரில்லின் பேட்டரியில் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, அதே பிட்டைத் தீட்டி, அதே மாதிரிப் பலகையில் எண்ணிப் பார்த்துப் புது எண்ணைக் கீழே எழுதுகிறேன். மூன்றாவது வருட எண்ணை எழுதும்போது டேப்பில் இடம் போதவில்லை, பக்கத்தில் இன்னொன்று ஒட்டியிருக்கிறேன்.